ஆறு அசை கூடுதல்: மதுரை வழிகாட்டி ஒருவரின் ஆங்கில உச்சரிப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

ஆள், சிக்கல்

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவர் மேலூர் பக்கத்துக்காரர். முப்பதை நெருங்கும் வயது. பள்ளிப்படிப்பு முழுக்கத் தமிழ்வழி, பட்டம் வரலாற்றில். மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மஹால், காந்தி நினைவு அருங்காட்சியகம் என்று வெளிநாட்டுப் பயணிகளை ஒரே நாளில் சுற்றிக்காட்டும் வழிகாட்டி வேலை. விஷயம் கைவசம் இருக்கிறது. வாக்கியம் தடுமாறுவதில்லை. இலக்கணப் பிழையும் சொற்பம்தான். ஆனாலும் கேட்கிறவர்கள் பாதியில் நிறுத்தி "ஸாரி?" என்கிறார்கள். அவர் குரலை உயர்த்தி அதையே திரும்பச் சொல்கிறார். மறுபடியும் "ஸாரி?"

முதல் நாள் பயிற்றுநரிடம் அவர் வைத்த முறையீடு இது.

"மேடம், பில்லர்னுதான சொல்றேன்? அங்குட்டு நிக்கிறவங்களுக்குக் கேக்கலையோன்னு கத்தியும் சொல்லிப் பாத்துட்டேன்."

"சத்தம் பத்தாம இல்ல தம்பி. நீங்க சொல்ற மொத எழுத்தே அவங்க காதுல வேற எழுத்தா விழுது. பிரெஞ்சுக்காரங்க யாராச்சும் பில்லருக்கு 'ஸாரி' கேட்டிருக்காங்களா?"

"இல்ல மேடம். இங்கிலாந்து, அமெரிக்கா ஆளுகதான்."

அந்தப் பதில் நல்ல தடயம். ஏன் என்பது 'ப' பற்றிப் பேசும்போது தெரியும்.

இலக்கு என்ன என்பதை முதலிலேயே பேசி முடிவு செய்தாக வேண்டும். வெள்ளைக்காரர் போலப் பேசுவது இங்கே இலக்கு அல்ல. மதுரைக்காரர் மதுரைக்காரராகத் தெரிவதில் யாருக்கும் நட்டமில்லை. ஒரு தடவை சொன்னால் புரிய வேண்டும், அவ்வளவுதான். இந்த அளவுகோலை வைத்துக்கொண்டால் எதைத் திருத்த வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது தானாகப் பிரிந்துவிடும். நகரத்து ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகள் பலவற்றில் 'திங்க்', 'திஸ்' என்று நாக்கைப் பல்லுக்கு வெளியே நீட்டச் சொல்லியே முதல் வாரம் கழிகிறது. இந்த வழிகாட்டிக்கு அது கடைசி வாரத்துக்குக்கூடத் தேவைப்படவில்லை.

எழுதும் முறை பற்றி ஒரு வார்த்தை. ஒலிகளைத் தமிழெழுத்திலேயே காட்டுகிறோம். தமிழில் 'ப' ஒன்றே இரண்டு ஒலிக்கு வேலை செய்வதால், 'பழம்' என்பதன் முதல் ஒலியைப் பழத்து ப என்றும், 'கம்பம்' என்பதில் மகர மெய்யை அடுத்து வரும் ஒலியைக் கம்பத்து ப என்றும் சொல்வோம். அசை என்று இங்கே சொல்வது ஆங்கிலத்தின் 'சிலபிள்', ஓர் உயிரொலியைச் சுற்றி வரும் துண்டு. சிறு கோடு அசைப் பிரிவு. ˈ என்ற குறி அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் வரும். அகராதிகள் போடுவதும் இதே குறிதான்.

பதிவு

கோயிலுக்குள் செல்பேசிக்குத் தடை. அதனால் பதிவு மஹாலில் எடுக்கப்பட்டது. காலையில், கூட்டம் சேரும் முன், ஆறு நிமிடப் பேச்சு. செல்பேசி அவருடைய சட்டைப்பையில் இருந்தது. மஹாலின் வளைவுகளுக்குள் குரல் எதிரொலிக்கும். எட்ட வைத்துப் பதிந்தால் சொல்லின் கடைசி மெய் எதிரொலியில் கரைந்து போகும். நாம் தேடுவதே அந்தக் கடைசி மெய்யைத்தான்.

ஆறு நிமிடத்தில் ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துப் பிரித்துப் பார்த்தாலே நோய் பிடிபட்டுவிடுகிறது. அரண்மனை 1636இல் கட்டப்பட்டது, பின்னால் நேப்பியர் பிரபு (1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநர்) அதைப் பழுதுபார்த்தார் என்ற வாக்கியம் அது. அவர் சொன்னது:

தி பே-லஸ் வாஸ் பில்-டு இன் சிக்ஸ்-டீன் தெர்ட்-டி சிக்-ஸு அண்-டு ரெஸ்-டோ-ரெட்-டு பை லார்-டு நே-பி-யர்.

அகராதிப்படி வர வேண்டியது:

த ˈபே-லஸ் வஸ் ˈபில்ட் இன் ˈசிக்ஸ்-டீன் ˈதெர்-டி ˈசிக்ஸ் அன்ட் ரி-ˈஸ்டோர்ட் பை ˈலோர்ட் ˈநே-பி-யர்.

எண்ணிப் பாருங்கள். கீழே 19 அசை, மேலே 25. ஆறு அசை கூடுதல். அந்த ஆறில் ஐந்து, சொல் முடிவில் ஒட்டிய உகரம்: பில்டு, சிக்ஸு, அண்டு, ரெஸ்டோரெட்டு, லார்டு. மிச்சம் ஒன்று, 'ரெஸ்டோரெட்' என்று நடுவில் நுழைந்த எகரம்.

ஆங்கிலம் கேட்டுப் பழகிய காது, எழுத்தெழுத்தாகச் சொல்லைச் சேர்ப்பதில்லை. எத்தனை அசை, அதில் எது ஓங்கி நிற்கிறது என்ற உருவத்தை வைத்துத்தான் மனத்தில் சொல்லைத் தேடுகிறது. 'பில்ட்' ஓரசை. 'பில்டு' ஈரசையாக வந்ததும் தேடல் வேறு பக்கம் போய்விடுகிறது. அதற்குள் அடுத்த சொல்லும் உருமாறி வந்து சேர்கிறது. "ஸாரி?" பிறக்கும் இடம் அது.

உகரம் எங்கிருந்து வருகிறது

இது சோம்பலோ கவனக்குறைவோ அல்ல, தமிழின் கட்டுமானம். க, ச, ட, த, ப, ற ஆகிய வல்லின மெய்களில் தமிழ்ச்சொல் எதுவும் முடிவதில்லை. அங்கே போய் நிற்க நேர்ந்தால் ஒரு குற்றியலுகரம் துணைக்கு வந்துவிடும்: நாடு, பாக்கு, பந்து, மார்பு. அதன் அளவு அரை மாத்திரை என்று இலக்கணம் சொல்கிறது. நமக்கு அது பாதி. ஆங்கிலக் காதுக்கு அது முழு அசை. அதுபோலவே ர, ல, ட ஆகியவை தமிழ்ச்சொல்லின் முதலில் வருவதில்லை, இரண்டு மெய் சேர்ந்து சொல்லைத் தொடங்குவதும் இல்லை. 'ஸ்டோன்' என்பதற்கு முன்னால் 'இ' ஒட்டிக்கொள்வது அதனால்தான். இந்த இகரமும் ஓர் அசை.

ஆனால் மருந்தும் அதே இலக்கணத்தில் இருக்கிறது. 'நாடு' என்பதோடு 'எல்லாம்' சேர்ந்தால் உகரம் ஓடிப்போய் 'நாடெல்லாம்' ஆகிறது. 'பால்', 'ஆடை' இரண்டும் சேர்ந்து 'பாலாடை' ஆவதை நன்னூல் "உடல்மேல் உயிர்வந் தொன்றுவ தியல்பே" என்கிறது. ஆங்கிலமும் பேச்சில் இதைத்தான் செய்கிறது. 'பில்ட் இன்' என்பது 'பில்-டின்'. 'சிக்ஸ் அன்' என்பது 'சிக்-ஸன்'. "கடைசி உகரத்தை விடு" என்று சொன்னால் யாராலும் விட முடியாது. "அடுத்த உயிரோடு சேர்" என்று சொன்னால் தமிழ் வாய்க்கு அது பழகிய வேலை. பயிற்சியில் முதலில் பலன் தெரிந்ததும் இங்கேதான்.

சொல்முதல் இகரத்துக்கும் இதே வகை வழி உண்டு. 'ஸ்டோன்' என்று தனியாகத் தொடங்காமல், முன்னால் ஓர் அகரம் வைத்து 'அஸ்-டோன்' என்று சொல்ல வேண்டும். ஸகரம் முதல் அசையின் கடைசியில் போய் உட்கார்ந்துகொள்ளும். தமிழ் வாய்க்கு அதில் தொந்தரவில்லை. பிறகு அகரத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, முணுமுணுப்பாக்கி, விட்டுவிட வேண்டும். ஸகரம் தனியாக நிற்கும். 'ஸ்கல்ப்சர்', 'ஸ்டக்கோ', 'ஸ்பியர்' எல்லாம் இப்படியே.

அசை எண்ணும் பயிற்சி

பயிற்சி வாரத்துக்கு மூன்று மாலை, தடவைக்கு முக்கால் மணி நேரம், மொத்தம் பத்து வாரம். முதல் மூன்று வாரம் ஒலி எதையும் திருத்தவில்லை. எண்ணிக்கை மட்டும்தான். அவர் பேச்சிலிருந்தே நாற்பது சொல் எடுக்கப்பட்டது: பில்லர், டவர், டெம்பிள், கிரானைட், காரிடார், செஞ்சுரி, ஆர்க்கிடெக்சர், டைனஸ்டி, மியூசியம், சாரியட், டிவோட்டி, ஜாஸ்மின் இப்படி.

விதி ஒன்றே: ஓர் உயிரொலிக்கு ஓர் அசை. எழுத்தில் எத்தனை உயிர் என்பது கணக்கில்லை. 'டெம்பிள்' இரண்டு அசை. 'செஞ்சுரி' மூன்று. 'வெஜிடபிள்' எழுத்தில் நாலு போலத் தெரியும், பேச்சில் மூன்று: ˈவெஜ்-ட-பிள். 'கம்ஃபர்டபிள்' என்பதைப் பலர் ˈகம்ஃப்-ட-பிள் என்று மூன்றிலேயே முடித்துவிடுகிறார்கள். 'பிசினஸ்' இரண்டுதான்: ˈபிஸ்-நஸ். 'குளோத்ஸ்' ஒன்று.

தாடைக்கு அடியில் புறங்கையை வைத்து, தாடை இறங்கும் தடவைகளை எண்ணுவது எல்லோரும் சொல்லித்தரும் முறை. பரவாயில்லாத முறைதான், ஆனால் இரண்டு ஓட்டை உண்டு. ஒன்று, 'டெம்பிள்', 'பட்டன்' போன்றவற்றில் இரண்டாம் அசையைக் கடைசி லகர னகரமே தாங்குகிறது. தாடை அசையாது, ஒன்று குறைவாக வரும். இரண்டாவது ஓட்டைதான் பெரிது. தாடை எண்ணுவது நம் வாயை, ஆங்கிலத்தை அல்ல. ஆங்கிலத்தில் ஓரசையான 'ஃபில்ம்' என்பதை 'ஃபிலிம்' என்று சொல்லிப் பழகியவர் கை வைத்து எண்ணினால் இரண்டு என்றுதான் வரும். அதனால் முதலில் அகராதி ஒலியைக் கேட்டு எண்ணி எழுதிக்கொண்டு, அதன்பின் தன் வாயை எண்ணி, இரண்டையும் ஒப்பிட வேண்டும். வேறுபட்ட சொற்கள் மட்டும் அடுத்த நாள் பட்டியலுக்குப் போகும்.

அகராதியிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. மெரியம்-வெப்ஸ்டர் போன்ற அமெரிக்க அகராதிகளில் தலைச்சொல்லுக்கு நடுவே புள்ளிகள் இருக்கும். அவை வரி முடிவில் சொல்லை எங்கே உடைத்து அச்சிடலாம் என்று அச்சுக்காரருக்குச் சொல்பவை. உச்சரிப்புப் பிரிவு அதற்குப் பக்கத்தில் தனியாக இருக்கும். 'பில்லர்' என்பதில் புள்ளி இரண்டு லகரத்துக்கும் நடுவே விழுகிறது. உச்சரிப்புப் பகுதியிலோ ˈபி-லர், லகரம் ஒன்றுதான். 'அபௌட்' ஈரசைச் சொல். ஆனால் வரி முடிவில் ஒற்றை எழுத்தைத் தனியே விடுவது வழக்கமில்லை என்பதால் அதை அச்சில் உடைப்பதில்லை. புள்ளியைப் பார்த்துப் படித்தால் பிரிவும் தவறும், எண்ணிக்கையும் தவறும்.

'எட்' விகுதிக்கு ஒரு விதி போதும். வினையின் கடைசி ஒலி டகரமாக இருந்தால் மட்டும் ஓர் அசை கூடும்: ˈபெய்ன்-டட், டி-ˈவை-டட். மற்ற எதிலும் கூடாது. 'கார்வ்ட்' ஒன்று, 'ரிஸ்டோர்ட்' இரண்டு, 'டிஸ்ட்ராய்ட்' இரண்டு. பன்மைக்கும் இதே போக்கு: ஸ, ஷ, ச, ஜ இன ஒலியில் முடியும் சொல்லுக்கு மட்டும் கூடும். 'பேலஸ்' இரண்டு, பன்மையில் மூன்று. 'பில்லர்' பன்மையிலும் இரண்டே.

இரட்டிக்கும் மெய்

மூன்றாம் வாரத்தில் ஒரு தேக்கம். எண்ணிக்கை சரியாக வருகிறது, சொல் இன்னும் கனமாக விழுகிறது. நோட்டைத் திறந்து பார்த்ததும் காரணம் தெரிந்தது. சொற்களைத் தமிழில் எழுதி வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்: பில்லர், சிட்டி, பேப்பர், பாக்கெட்.

தமிழில் இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றையாக வரும் வல்லினம் மெலிந்து அதிரும். 'கோபம்' என்பதில் வருவது கம்பத்து ப. பழத்து ப-வை நடுவில் காப்பாற்ற வேண்டுமானால் இரட்டிப்பதுதான் வழி. அதனால்தான் 'பேப்பர்' என்று எழுதுகிறோம். தமிழுக்கு அது சரியான ஏற்பாடு. அதையே பார்த்து ஆங்கிலம் பேசும்போது 'பேப்-பர்' என்று உதடு மூடி ஒரு கணம் நின்று திறக்கிறது. ஆங்கிலத்தில் நிற்பதே இல்லை. முதல் அசை 'பே' என்று திறந்தே முடிகிறது, அடுத்தது பழத்து ப-வில் தொடங்குகிறது. அச்சில் எழுத்து இரட்டித்து வந்தாலும் இதே கதைதான். 'சம்மர்', 'டின்னர்', 'பில்லர்' எல்லாவற்றிலும் ஒலி ஒற்றை.

நோட்டிலிருந்து தமிழெழுத்து எடுக்கப்பட்டது. ஆங்கிலச் சொல்லை எழுதி, அதன்மேல் அசைக்கு ஒரு வட்டம். அழுத்தமுள்ள அசைக்கு நிரப்பிய வட்டம். பில்லர் ●○, மியூசியம் ○●○, ஆர்க்கிடெக்சர் ●○○○. இதற்குமேல் எந்தக் குறிப்பும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லப்பட்டது. வட்டத்துக்கு மாறிய பிறகே கனம் குறைந்தது. நாமும் இங்கே தமிழெழுத்தில்தான் காட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது தெரியும். இது விளக்கத்துக்குப் போதும், மனப்பாடத்துக்கு உதவாது.

அழுத்தம்

தமிழில் எல்லா அசையும் ஏறக்குறைய முழு உருவத்தோடு வரும். அழுத்தம் இடம் மாறினால் பொருள் மாறும் சொல் நம்மிடம் இல்லை. ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் ஓர் அசை நீண்டு, சுருதி ஏறி, தெளிவாக நிற்கும். பக்கத்தில் இருப்பவை சுருங்கி, அகராதியில் கவிழ்த்துப் போட்ட ஆங்கில 'e' எழுத்தால் (ə) காட்டும் அந்த மங்கலான அகரமாகிவிடும். 'எலிஃபன்ட்' கடைசியில் 'ஃபேண்ட்' இல்லை, 'ஃபன்ட்'.

இவருக்கு அழுத்தம் தவறிய சொற்களில் பாதி, தமிழில் நாம் அன்றாடம் புழங்கும் சொற்கள். மேலூர்க்காரருக்குக் கிரானைட் தெரியாமலா? ஆனால் ஆங்கிலத்தில் அது ˈக்ரா-னிட். கடைசியில் 'நைட்' இல்லை. ஹோட்டல் ஹொ-ˈடெல். மியூசியம் மியூ-ˈசீ-யம். டிவோட்டி டெ-வ-ˈடீ. தெரிந்த சொல் என்பதால் அகராதி பார்க்கத் தோன்றாது. புதுச்சொல்லைவிடத் தெரிந்த சொல்லே அதிகம் காலை வாருகிறது.

விகுதி மாறினால் அழுத்தம் நகரும் சொற்களுக்குக் குடும்பமாகப் பயிற்சி. ˈஹிஸ்-ட-ரி, ஹிஸ்-ˈடா-ரி-கல். ˈஆர்-கி-டெக்-சர், ஆர்-கி-ˈடெக்-ச-ரல். 'இக்' என்று முடிந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தைய அசை: இன்-டோ-ச-ர-ˈசெ-னிக். 'லஜி' என்று முடிந்தாலும் அப்படியே: மி-ˈதா-ல-ஜி. டைனஸ்டிக்கு இங்கிலாந்தில் ˈடி-னஸ்-டி, அமெரிக்காவில் ˈடை-னஸ்-டி. இரண்டிலும் அழுத்தம் முதல் அசைதான், எதைச் சொன்னாலும் புரியும்.

அழுத்தம் என்றால் சத்தம் என்று புரிந்துகொள்வதுதான் இங்கே வழக்கமான விபத்து. பிரகாரத்தில் கூட்டத்துக்கு நடுவே கத்திப் பேசும்போது எல்லா அசையும் சேர்ந்து ஓங்கும். ஓங்கியதும் அழுத்த வேறுபாடு மறைந்துவிடும். அவர் குரலை உயர்த்த உயர்த்தப் புரியாமல் போனது இதனால். இதற்கு ஒரு ரப்பர் பேண்ட். இரண்டு கட்டைவிரலிலும் மாட்டிக்கொண்டு, அழுத்த அசையில் மட்டும் இழுக்க வேண்டும். இழுக்கும் நேரம் அசையின் நீளமாக மாறும். குரலை உயர்த்தாமல், முணுமுணுப்பாகச் சொல்லியே பயிற்சி. முணுமுணுப்பில் அழுத்தம் தெரிந்தால் கூட்டத்திலும் தெரியும்.

பில்லரின் ப

இப்போது அந்த பிரெஞ்சுத் தடயம். ஆங்கிலத்தில் அழுத்த அசையைத் தொடங்கும் ப, ட, க மூன்றும் ஒரு மூச்சுக் காற்றோடு வெடிக்கும். தமிழ் வல்லினத்தில் அந்தக் காற்று இல்லை. காற்றில்லாத பழத்து ப-வை ஆங்கிலேயர் காது கம்பத்து ப-வாக எடுத்துக்கொள்கிறது. 'பார்க்' போய் நாய் குரைக்கும் 'பார்க்' ஆகிறது. பிரெஞ்சில் ப-வுக்குக் காற்று கிடையாது, நம்முடையதைப் போலவேதான். ஆகவே பிரெஞ்சுக்காரருக்கு இவருடைய பில்லர் பில்லராகவே கேட்டது.

பயிற்சிக்கு டவுன் பஸ் டிக்கெட் போதும். உதட்டுக்கு முன்னால் ஐந்தாறு சென்டிமீட்டரில் தொங்கவிட்டு 'பில்லர்', 'பேலஸ்', 'பெய்ன்டட்' என்று சொல்ல வேண்டும். காகிதம் பளிச்சென்று விலக வேண்டும். கம்பத்து ப-வுக்கு அசையக் கூடாது. 'டவர்', 'டாங்க்', 'கார்வ்ட்' என்பவற்றுக்குக் காகிதம் சரியாக உதவாது. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக் காற்றை உணர்வதே நல்லது. டகரத்தை நாக்கை மடித்து மேலே தொடுகிறாரா, பல்லுக்குப் பின்னால் தொடுகிறாரா என்பதைப் பற்றிக் கவலைப்படவில்லை. காற்று இருந்தால் இரண்டும் புரிகிறது.

இரண்டே வாரத்தில் இது அளவு மீறியது. 'ஸ்டோன்', 'ஸ்கல்ப்சர்' என்பதிலும் ஊத ஆரம்பித்தார். ஸகரத்துக்கு அடுத்து வரும் ப, ட, க-வுக்கு ஆங்கிலத்தில் காற்று இல்லை. அங்கே தமிழ் ஒலியே கச்சிதம். இதைச் சொன்னதும் அவருக்கு நிம்மதி. அழுத்தமில்லாத அசையிலும் ஊத வேண்டியதில்லை.

ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் தமக்குள் பேசும்போது எந்த ஒலிப்பிழை புரிதலைக் கெடுக்கிறது என்று ஆராய்ந்து ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000இல் முன்வைத்த முன்னுரிமைகளில் இந்த மூச்சுக் காற்று இருக்கிறது. 'திங்க்', 'திஸ்' ஒலிகள் இல்லை. வழிகாட்டிக்கு வரும் கூட்டமும் அத்தகைய கலவைதான்.

பதினான்கா, நாற்பதா

கோயிலுக்குப் பதினான்கு கோபுரம். இவர் சொல்லிக் கேட்டவர்களில் சிலர் நாற்பது என்று எடுத்துக்கொண்டார்கள். 'டீன்' என்று முடிந்தால் கடைசியில் அழுத்தம், 'டி' என்று முடிந்தால் முதலில் அழுத்தம் என்று புத்தகங்கள் சொல்லும். தனியாகச் சொல்லும்போது அது உண்மை: ஃபோர்-ˈடீன், ˈஃபோர்-டி. ஆனால் பின்னால் 'டவர்ஸ்' வந்ததும், அந்தச் சொல்லுக்கு வழிவிட்டு 'ஃபோர்டீன்' தன் அழுத்தத்தை முன்னால் தள்ளிவிடுகிறது: ˈஃபோர்-டீன் ˈடவர்ஸ். அழுத்தத்தை மட்டும் நம்பினால் அங்கே வேறுபாடே இல்லை. 1636இல் வரும் 'சிக்ஸ்டீன்' என்பதும் அப்படித்தான்.

மிச்சமிருக்கும் அடையாளங்கள் மூன்று: நீண்ட ஈகாரம், கடைசி னகரம், காற்றோடு வரும் டகரம். னகரத்தை விட்டுவிடாமல் நாக்கை மேலேயே நிறுத்தி, அடுத்த சொல்லுக்கு முன் சற்றே தாமதிக்கச் சொல்லப்பட்டது. கூட்ட நேரத்தில் அதுவும் போதவில்லை. கடைசியில் "ஃபோர்டீன், ஒன் ஃபோர்" என்று இலக்கத்தையும் சேர்த்துச் சொல்வது என்று முடிவாயிற்று. உச்சரிப்புப் பயிற்சியில் இதைத் தோல்வி என்று எழுத வேண்டியதில்லை. ஆங்கிலம் தாய்மொழியானவர்களும் தொலைபேசியில் இப்படித்தான் செய்கிறார்கள்.

சொல்முதல் ய, வ ஒட்டுவதும் ஒரே வாரத்தில் சரியாயிற்று. 'ஈஸ்ட் டவர்' என்ற கிழக்குக் கோபுரம் 'யீஸ்ட் டவர்' ஆகிக்கொண்டிருந்தது. யீஸ்ட் என்பது ரொட்டிக்குப் போடுவது. முன்சொல்லோடு சேர்க்காமல் தொண்டையில் ஒரு நொடி நிறுத்தித் தொடங்கினால் யகரம் வராது. 'வெஸ்ட்' என்பதற்கு உதட்டைக் குவித்து 'உவெ' என்று தொடங்கச் சொன்னால் போதும். மேற்பல் கீழுதட்டைத் தொட்டால் அது பனியனைக் குறிக்கும் வேறொரு 'வெஸ்ட்' ஆகிவிடும்.

இன்னொரு சறுக்கல். உகரத்தை விடும் வேகத்தில் அதைச் சுமந்த மெய்யும் சேர்ந்து போனது. 'பில்ட்' என்பது 'பில்' ஆகி, அரண்மனைக்குக் கட்டணச் சீட்டு கேட்பதுபோல் ஆயிற்று. கூடுதல் அசையைவிட இது மோசம். கூடுதல் அசையில் சொல்லாவது மிஞ்சும். டகரத்தில் நாக்கு தொட்டாக வேண்டும், விடுவிப்பதுதான் வேண்டாம் என்று மறுபடி இரண்டு வாரம் செலவானது.

சோதிக்கும் முறை

செல்பேசியின் குரல்வழித் தட்டச்சு நல்ல தேர்வாளர், ஆனால் இரண்டு நிபந்தனை. மொழி அமைப்பில் இந்திய ஆங்கிலம் இருந்தால் நம் உச்சரிப்பை அது மன்னித்துவிடும். பிரிட்டன் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். முழு வாக்கியம் சொன்னால் இடம் பார்த்து ஊகித்து எழுதிவிடும். தனிச்சொல்லாகச் சொல்ல வேண்டும். ஒரு சொல்லைக் கலைத்துப் போட்ட வரிசையில் ஐந்து தடவை சொல்லி, நாலு தடவை சரியாக விழுந்தால் அது பட்டியலிலிருந்து நீங்கும்.

தமிழ்ப் பெயர்களைத் திருத்தவே இல்லை. மீனாட்சி மீனாட்சியாகவே இருக்கட்டும். முதல் தடவை மட்டும் அசை அசையாக, மெதுவாகச் சொல்லி, ஒரு நொடி நிறுத்தினால் வந்தவர் பிடித்துக்கொள்கிறார்.

பத்தாம் வாரம்

அதே இடத்தில் அதே வாக்கியம் மறுபடி பதியப்பட்டது. 25 அசை 21 ஆகியிருந்தது. உயிருக்கு முன்னால் வரும் உகரம் முழுக்கப் போய்விட்டது, 'அண்டு' சுருங்கி 'அன்' ஆயிற்று, 'ரெட்' என்ற நடு அசையும் இல்லை. மிச்சமிருக்கும் இரண்டும் மெய்க்கு முன்னால் வருபவை: 'ரிஸ்டோர்டு பை', 'லோர்டு நேப்பியர்'. பாலாடை வழி இங்கே வேலை செய்யாது, ஒட்டிக்கொள்ள உயிர் இல்லை. நேப்பியருக்கு எளிய வழி உண்டு. டகரத்துக்கு மேலே தொட்ட நாக்கை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு மூக்கால் நகரத்தைத் தொடங்குவது. 'பை' அவ்வளவு சுலபமில்லை. நாக்கு மேலே இருக்கும்போதே உதடு மூட வேண்டும், அதன்பிறகுதான் நாக்கு இறங்க வேண்டும். மெதுவாகச் சொன்னால் வருகிறது, பேச்சு வேகத்தில் உகரம் எட்டிப் பார்க்கிறது.

பில்லர், பேலஸ், டவர் மூன்றும் குரல்வழித் தட்டச்சில் தேறிவிட்டன. தேறாதது அதிரும் ஸகரம். 'மியூசியம்', 'தௌசண்ட்' என்பவற்றில் ஸகரத்தோடு தொண்டை முனக வேண்டும். விரலைத் தொண்டையில் வைத்தால் அதிர்வு தெரிய வேண்டும். இந்த இரண்டும் அதிராமல் போனாலும் கேட்பவருக்குப் புரிந்துவிடுகிறது, அவசரமில்லை. அம்மனின் கண்களைப் பற்றிச் சொல்லும் இடத்தில் மட்டும் அவசரம். 'ஐஸ்' அதிராவிட்டால் கண் பனிக்கட்டி ஆகிவிடுகிறது. அதிர்வு வரும்வரை ஐகாரத்தை இரண்டு பங்கு நீட்டிச் சொல்லச் சொல்லியிருக்கிறது. அதிரும் மெய்க்கு முன்னால் ஆங்கிலத்தில் உயிர் நீளும் என்பதால், நீளம் ஒன்றை வைத்தே கேட்பவர் பெரும்பாலும் சரியாகப் பிடித்துக்கொள்கிறார்.